எதிர்க்கரை

அட்லாண்டிக் நடுவே கத்தியைப் படுக்க வைத்ததுபோல் ஒரு தீவு.
நீளம் ஐம்பது கிலோமீட்டர்,
அகலத்தை ஒரு முற்பகலில் நடந்துவிடலாம்.
அதன் முதுகெலும்பில் வரிசையாக ஏழு நிலநடுக்கமானிகள்;
ஹைட்ரேஞ்சியா வேலிக்கு அப்பால் பசு உரசினாலும்
எழுதி வைத்துக்கொள்பவை.

மார்ச்சில் ஒரே வாரத்தில் இரண்டாயிரம் அதிர்வுகள்.
முந்தி வரும் அலைக்கும் பிந்தி வரும் அலைக்கும்
நடுவே ஒன்றரை நொடி.
தூரம் கிடைத்துவிட்டது.
பக்கம் கிடைக்கவில்லை.

ஒரே கோட்டில் நிற்பவர்களுக்கு
இடப்புறமும் வலப்புறமும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.
தெரியாது என்று சொல்லக் கணினிக்கு
நாங்கள் சொல்லித் தரவில்லை.
அது வடகடலில் ஒரு புள்ளி வைத்தது,
பாறைச்சரிவின் அடியில் ஒட்டியிருக்கும்
ஃபஜா கிராமத்துக்கு நேர் எதிரே.
பிழை இவ்வளவு இருக்கலாம் என்று
புள்ளியைச் சுற்றி நீள்வட்டம் போட்டேன்,
தீவையே விழுங்கும் நீள்வட்டம்.
செய்தித்தாளில் புள்ளி மட்டும் வந்தது.

நூற்றுப் பதினான்கு பேர்
மலை ஏறி, மலை இறங்கி,
தென்கரைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் படுத்தார்கள்.

ஏப்ரலில் ஆறு கருவிகளைக் கடலில் விட்டோம்.
ஆரஞ்சு மிதவை, வயிற்றில் கண்ணாடிக் கோளம்,
காலில் கட்டிய இரும்பு.
ஆயிரத்து நானூறு மீட்டர்.
அடியில் போய் உட்கார்ந்தபின்
செயற்கைக்கோள் வந்து மணி சொல்லாது.
ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தோடு தனியாக.

ஆகஸ்டில் கூப்பிட்டோம்.
கப்பலின் அடியிலிருந்து ஒரு சத்தம் போகும்;
கம்பி கரையும்; இரும்பைக் கழற்றிவிட்டு
இருபத்தைந்து நிமிடத்தில் மேலே வரும்.
ஐந்து வந்தன, ஈரமாய், விளக்கு சிமிட்டிக்கொண்டு.
ஐந்தாம் எண் கருவி மட்டும்
கூப்பிடும்போதெல்லாம் இருக்கிறேன் என்றது,
இருந்த இடத்திலேயே இருந்தது.
மூன்று இரவு கூப்பிட்டோம்.
மாலுமி எவரிஸ்து டீசல் அளவைக் காட்டினார்.

பதிவுகளில் கப்பல்கள், திமிங்கிலங்கள்,
எவனோ கீழே விட்ட நங்கூரம்.
நான்கு மாதத்தில் ஒரு கடிகாரம்
அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்தியிருந்தது.
பாறைக்குள் ஓடும் அலைக்கு
அது இரண்டரைக் கிலோமீட்டர்.
திருத்தினேன். மறுபடி கணக்கிட்டேன்.
புள்ளிகள் எழுந்து,
தீவைத் தாண்டி,
தென்கடலில் போய் உட்கார்ந்தன.
கூடைப்பந்துக் கூடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

அதே கூடத்தில் கூட்டம்.
நகரசபைத் தலைவர் இருமினார்.
பாலாடைக்கட்டி விற்கும் நத்தேர்சியா சில்வெய்ரா
படுக்கையிலிருந்து எழாமலே கேட்டாள்:
"அப்போ, தப்பிக்க வெச்சு
அதுக்குப் பக்கத்துலயே கொண்டுவந்து படுக்க வெச்சீங்க?"

ஆமாம் என்றேன்.
வேறு வார்த்தைகளும் தயாராகத்தான் வைத்திருந்தேன்:
நிகழ்தகவு, அந்தச் சூழலில், கிடைத்த தரவு.

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர்.
எனக்கு மட்டும் வரவில்லை.

அவள் வரைபடத்தை வாங்கி மடியில் விரித்தாள்.
"இந்த முட்டை என்ன?"
"எங்களுக்குத் தெரியாதது.
போன தடவையைவிடச் சின்னது."
கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.
மறைந்தது, ஏறக்குறைய.

அன்று மாலையே ஃபஜாவுக்குப் போய்விட்டாள்.
வீட்டில் ஒரு கோப்பைகூட விழவில்லையாம்;
கட்டிகள் பூசணம் பிடித்ததற்கு
யார் பணம் தருவது என்று கடிதம் வந்திருக்கிறது,
என் பெயருக்கே.

பதில் எழுத உட்காரும்போதெல்லாம்
வரைபடம் எதிரே தொங்குகிறது.
விரலுக்கு வெளியே துருத்திய அந்த முனை,
ஐந்தாம் கருவி இருக்கும் பக்கமாக
இன்னும் கொஞ்சம் நீண்டுதான் இருக்கிறது.